பதிவேட்டில் யார் பெயரை எழுத வேண்டும்?

(மணலி புதுநகரில் இளைஞர்கள் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு வாடகை வீடு பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் ஒரு தம்பி கேட்டார்: "அக்கா, சாதி ஒழிப்புக் கூட்டத்துல வாடகையப் பத்தி என்ன இருக்கு பேச?" நியாயமான கேள்விதான். ஊரும் சேரியும் பிரிந்து கிடப்பதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். சென்னைக்கு வந்துவிட்டால் அந்தக் கோடு அழிந்துவிடும் என்று நம்முடைய அப்பா அம்மாவெல்லாம் நம்பித்தான் பஸ் ஏறினார்கள். நகரத்தில் அந்தக் கோடு எங்கே போய் ஒளிந்துகொண்டது என்று தேடினால், அது 'டூ லெட்' பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது.

வீடு தேடிப் போன அனுபவம் இங்கே எல்லோருக்கும் இருக்கும். "எத்தனை பேர்? என்ன வேலை? சொந்த ஊர் எது? ஊர்ல எந்தத் தெரு? கறி சாப்பிடுவீங்களா? குலதெய்வம் எது?" சாதி என்ற சொல்லை வாயில் எடுக்காமலே சாதியை முழுதாகக் கேட்டு முடிக்கும் கலை நம் ஊர் ஓனர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. நானும் என் கணவரும் இந்தப் பகுதியில் வீடு தேடியபோது ஓர் அம்மா எல்லாவற்றையும் காட்டிவிட்டு, அட்வான்ஸ் பேசி முடித்துவிட்டு, கடைசியாக ஊரைக் கேட்டார். சொன்னோம். தெருவைக் கேட்டார். சொன்னோம். "எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டு போன் பண்றேம்மா" என்றார். அந்த போன் இன்னும் வரவில்லை.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் இந்த மணலி புதுநகரில் கடந்த சில ஆண்டுகளாக நம் கண்ணெதிரே நடப்பது.

சி.எம்.டி.ஏ. மனை பிரித்து உருவாக்கிய நகர் இது. தொழிற்சாலைப் பகுதிக்குப் பக்கத்தில் உழைப்பவர்கள் குடியிருக்க ஒரு துணை நகரம் என்பது கணக்கு. 2011-இல் மாநகராட்சி எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது மணலி நகராட்சியும் சுற்றுவட்டாரமும் சென்னைக்குள் வந்தன. இன்று நாம் 2-ஆம் மண்டலம். ஒரு பக்கம் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, ரசாயன ஆலைகள். இன்னொரு பக்கம் விச்சூர் தொழிற்பேட்டை. பொன்னேரி நெடுஞ்சாலை முழுக்கக் கண்டெய்னர் லாரி. அந்தப் பக்கம் காமராஜர் துறைமுகம், அனல் மின் நிலையங்கள். இவ்வளவு வேலைக்கும் ஆள் வேண்டும். வரும் ஆளுக்குப் படுக்க இடம் வேண்டும்.

அந்த இடத்தை யார் கொடுக்கிறார்கள்? அரசு கொடுக்கவில்லை. பெரும்பாலும் கம்பெனியும் கொடுக்கவில்லை. காண்ட்ராக்டர் ஒரு வீட்டை மொத்தமாக வாடகைக்கு எடுக்கிறார். ஹாலில் எட்டுப் பேர், அறையில் ஆறு பேர் என்று ஆட்களை அடைக்கிறார். தலைக்கு இவ்வளவு என்று சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறார். சில இடங்களில் ஓனரே மாடியில் தகர ஷெட் போட்டு, நேரடியாகத் தலைக்கு வாடகை வாங்குகிறார். நான் உள்ளே போய்ப் பார்த்த ஒரு வீட்டில் மூன்று அறை, ஒரு கக்கூஸ், இருபதுக்கும் மேற்பட்ட ஆட்கள். பகல் ஷிப்ட் எழுந்துபோன பாயில் இரவு ஷிப்ட் வந்து படுக்கிறது. பாய் சூடு ஆறுவதே இல்லை. கேஸ் அடுப்பும் செல்போன் சார்ஜரும் துணிக்கொடியும் ஒரே மூலையில். வெளியே போக ஒரே வாசல். ஜன்னலுக்குத் திருடன் வராத கம்பி. தீப்பிடித்தால் மனிதனும் வெளியே வர முடியாத கம்பி.

குவைத்தை நினைத்துப் பாருங்கள். 2024 ஜூன் 12 அதிகாலை மங்காஃப் என்ற இடத்தில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடம் தீப்பிடித்தது. இந்தியர்கள் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் 7 பேர் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். சடலங்கள் கொச்சிக்கு விமானத்தில் வந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்து அழுதோம். "ஒரே கட்டடத்துல இத்தனை பேரை அடைச்சு வைப்பானா?" என்று குவைத் முதலாளியைத் திட்டினோம். அந்தக் கேள்வியை நம் தெருவில் நின்று கேட்டோமா? இங்கே அடைபட்டிருப்பவர் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்தவர் என்பதால் கேள்வி நம் தொண்டையிலேயே நின்றுவிட்டதா?

2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல் மின் நிலையக் கட்டுமானம் சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்தார்கள். அசாமிலிருந்து வந்தவர்கள். செத்த பிறகுதான் அவர்களுக்கு ஊர், பெயர் எல்லாம் நமக்குத் தெரிந்தது. உயிரோடு இருந்தபோது அவர்கள் எங்கே படுத்தார்கள், என்ன தண்ணீர் குடித்தார்கள் என்று இந்த ஊரில் எந்த அலுவலகத்தின் ஏட்டிலாவது எழுதியிருந்ததா?

ஒரு ஏடு இருக்கிறது. காவல் நிலையத்தில் இருக்கிறது.

2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டுக்குள் இருந்த ஐந்து பேரை, வங்கிக் கொள்ளையர்கள் என்று சொல்லிக் காவல்துறை சுட்டுக் கொன்றது. அதற்குப் பிறகு சென்னை மாநகரக் காவல் ஆணையர் 144-ஆவது பிரிவின் கீழ் ஓர் உத்தரவு போட்டார். வாடகைக்கு இருப்பவர்களின் விவரத்தை உரிமையாளர்கள் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றார். அன்றிலிருந்து இந்த நகரம் வாடகை வீட்டை ஒழுங்குபடுத்துவது என்றாலே குடியிருப்பவனின் போட்டோவும் ஆதார் நகலும் வாங்குவது என்று புரிந்துவைத்திருக்கிறது. வீட்டுக்கு எத்தனை கக்கூஸ் என்று கேட்க ஆள் இல்லை. வீட்டில் இருப்பவன் திருடனா என்று கேட்க ஆள் இருக்கிறது.

இந்த ஏடு நமக்குப் புதிதில்லை. 1871-இல் வந்து, 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தை நம் மக்கள் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். குற்றம் செய்வதற்கு முன்பே பெயரை ஏட்டில் எழுதும் சட்டம் அது. ஒரு மனிதன் என்ன செய்தான் என்று பார்க்காமல் எங்கே பிறந்தான் என்று பார்த்து எழுதும் ஏடு எந்தக் காலத்தில் வந்தாலும் அதை அடையாளம் காண நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அம்பேத்கருக்கு நடந்ததும் ஓர் ஏட்டின் கதைதான். வெளிநாட்டில் படித்துத் திரும்பி பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேரப் போகிறார். தங்க இடம் இல்லை. ஒரு பார்சி விடுதி இருக்கிறது. வந்தவர் பெயரை ஏட்டில் எழுத வேண்டும், பார்சி அல்லாதவர் தங்க முடியாது என்கிறார் காப்பாளர். ஒரு பார்சிப் பெயரை எழுதிக்கொண்டு தங்குகிறார். பதினோராம் நாள் கையில் தடியோடு பத்துப் பன்னிரண்டு பேர் வந்து வெளியேற்றுகிறார்கள். இந்து நண்பரிடம் கேட்கிறார், இடம் இல்லை. கிறித்தவ நண்பரிடம் கேட்கிறார், இடம் இல்லை. ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்புகிறார். உலகின் பெரிய பல்கலைக்கழகங்களில் படித்தவருக்கு ஓர் ஊரில் ஓர் அறை கிடைக்கவில்லை. அவர் பின்னாளில் எழுதிய அரசமைப்பில் 15(2) பிரிவு கடைகளிலும் விடுதிகளிலும் சாதியின் பேரால் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. 'கடை' என்றால் என்ன என்று அரசமைப்பு அவையில் கேட்டபோது, பணத்துக்குச் சேவை தர முன்வரும் எல்லா இடத்தையும் குறிக்கும் விரிந்த பொருளில்தான் அந்தச் சொல் இருக்கிறது என்று அவர் விளக்கினார். வாடகை வீடும் பணத்துக்குத் தரும் சேவைதானே?

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நான்கு சட்டங்களை மட்டும் சொல்கிறேன்.

1955-இன் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம். எந்தப் பகுதியிலும் யாரும் வீடு கட்டுவதையோ வாங்குவதையோ குடியிருப்பதையோ தீண்டாமையின் பேரால் தடுப்பது குற்றம் என்று அதன் 4-ஆவது பிரிவு சொல்கிறது. எழுபது வருடமாக இருக்கிறது. 'டூ லெட்' பலகைக்கு எதிராக அதை எடுத்து வீசியவர்களை விரல் விட்டு எண்ணலாம். காரணம் எளிது. ஓனர் "உனக்கு வீடு இல்லை" என்று சொல்வதில்லை. "வேற ஆளுக்குச் சொல்லிட்டோம்" என்கிறார். தில்லியைச் சுற்றிய ஐந்து பெருநகரப் பகுதிகளில் சுகதேவ் தோரட்டும் உடன் ஆய்வாளர்களும் செய்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி வருமானம், பெயர் மட்டும் வேறு வேறு. உயர்சாதிப் பெயருக்குக் கதவு திறந்தது. தலித் பெயருக்குப் பாதி திறந்து கூடுதல் நிபந்தனை கேட்டது. முஸ்லிம் பெயருக்கு இன்னும் மோசம். தனித்தனியாகப் பார்த்தால் எல்லா மறுப்புக்கும் ஒரு சாக்கு இருக்கும். சேர்த்து எண்ணினால்தான் சாதி தெரியும்.

இரண்டாவது, 1939-இன் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம். காசு வாங்கி ஆட்களைத் தங்கவைக்கும் லாட்ஜிங் ஹவுஸ்களை உள்ளாட்சியில் பதிவு செய்ய வேண்டும் என்று அன்றைக்கே எழுதிவைத்தார்கள். அளவுக்கு மீறி ஆட்களை அடைப்பதைத் தடுக்கவும் அதில் வழி உண்டு. ஆக, 'உள்ளாட்சி எப்படி உரிமம் கேட்கலாம்' என்று யாராவது கேட்டால், பிரிட்டிஷ் காலத்திலேயே கேட்டது என்று சொல்லுங்கள். ஆனால் அந்தச் சட்டத்தின் கண்ணில் இருந்தது வந்துபோகும் விருந்தினர் தங்கும் விடுதி. மாசக்கணக்கில் தொழிலாளர் அடைந்து கிடக்கும் குடியிருப்பு வீட்டை யாரும் விடுதி என்று பார்ப்பதில்லை.

மூன்றாவது, 2014-இன் பெண்கள், குழந்தைகள் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டம். பொள்ளாச்சியில் ஒரு விடுதியில் சிறுமிகள் வன்கொடுமைக்கு ஆளான அதே ஆண்டு வந்தது. மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்காமல் பெண்கள் விடுதி நடத்தக் கூடாது. நல்ல சட்டம். ஆனால் உரிமம் என்ற தாள் மட்டும் போதாது என்பதை 2021 டிசம்பர் காட்டியது. பூந்தமல்லி அருகே ஃபாக்ஸ்கான் தொழிலாளிப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் கெட்டுப்போன உணவால் 150-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். சக தொழிலாளிகள் செத்துப்போனார்கள் என்று வதந்தி பரவியது. நம்பும்படியாக எந்தத் தகவலும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். தரையில் படுக்கை, நெரிசல், தண்ணீர் இல்லாத கழிவறை எல்லாம் அதன் பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அந்தப் பெண்கள் சாலையில் உட்கார்ந்ததன் தொடர்ச்சிதான் 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பை அரசு திறந்துவைத்தது. 706.50 கோடி ரூபாய். பெண்கள் போராடினால் அரசின் பணம் எவ்வளவு தூரம் நகரும் என்பதற்கு அது ஓர் அளவுகோல்.

நான்காவது, 2017-இன் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும். ஓனர் தண்ணீரையும் கரண்டையும் வெட்டக் கூடாது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. ஆனால் 'வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால்' என்று ஒரு வாசல் திறந்திருக்கிறது. வீடு இல்லாதவன் எதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டான்?

இந்தச் சட்டத்தில் பெரிய ஓட்டை இன்னொன்று. நிறுவனம் தனக்குச் சொந்தமான கட்டடத்தைப் பணி ஒப்பந்தத்தின் பகுதியாகத் தன் ஊழியருக்கு வாடகைக்கு விட்டால் சட்டம் அங்கே நுழையாது. காண்ட்ராக்டர் வீடு எடுத்து ஆட்களைத் தங்கவைத்தால், சட்டத்தின் கண்ணில் வாடகைதாரர் காண்ட்ராக்டர்தான். பாயில் படுத்திருப்பவர் யாருமில்லை. வேலை போனால் அன்றிரவே படுக்கையும் போகும். கூலியையும் கூரையையும் ஒரே ஆள் கையில் வைத்திருப்பதைப் பண்ணையடிமை முறையில் நம் தாத்தா பாட்டிகள் பார்த்திருக்கிறார்கள். பண்ணையார் நிலத்தில் குடிசை, பண்ணையார் வயலில் வேலை. எதிர்த்துப் பேசினால் குடிசை காலி. இடம் மாறியிருக்கிறது, வழி அதேதான்.

முன்பு மாநிலம் விட்டு மாநிலம் வந்த தொழிலாளர்களுக்கான 1979 சட்டம் தங்குமிடத்தைக் காண்ட்ராக்டரின் கடமை என்று நேராகச் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அந்தச் சட்டத்தை விழுங்கிவிட்டன. தங்குமிடக் கடமை பழைய சட்டத்தில் இருந்த தெளிவோடு புதியதில் இல்லை.

எழுத்தில் ஒப்பந்தம் இல்லாததன் விலை என்ன தெரியுமா? ரேஷன் அட்டையில் முகவரி மாற்ற முடியாது. கேஸ் இணைப்புக்கு அலைய வேண்டும். 2021 நவம்பரில் கொசஸ்தலை ஆற்று வெள்ளம் நம் தெருக்களுக்குள் வந்ததும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்ததும் நினைவிருக்கும். தரைத்தளத்தில் எல்லாம் போனவர்களில் முகவரிக்குத் தாள் இல்லாதவர்கள்தான் நிவாரணத்துக்கு அதிகம் அலைந்தார்கள். இப்போது வாக்கும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. 2025 இறுதியில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவுப் பட்டியலில் தமிழ்நாட்டில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. அதில் பெரும் பகுதி இடம் மாறிவிட்டவர்கள் என்று கணக்கில் வந்தவை. இடம் மாறுவது யார்? சொந்த வீடு இல்லாதவர்கள்தான்.

சரி, என்ன செய்யலாம்? வெளியே என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்ப்போம்.

இங்கிலாந்தில் 2004-இன் வீட்டுவசதிச் சட்டம் ஒரு வழி சொல்கிறது. ஒரே குடும்பமாக இல்லாத பலர் சமையலறையையோ கழிவறையையோ பகிர்ந்துகொண்டு தங்கும் வீட்டுக்கு உரிமையாளர் உள்ளாட்சியிடம் உரிமம் வாங்க வேண்டும். 2018 அக்டோபர் முதல் ஐந்து பேரும் அதற்கு மேலும் தங்கும் வீடுகளுக்கெல்லாம் இது கட்டாயம். ஒரு ஆள் படுக்கும் அறை 6.51 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, அதாவது 70 சதுர அடி. லண்டனில் நியூஹாம் என்ற ஏழைகளும் குடியேறியவர்களும் நிறைந்த பகுதியின் உள்ளாட்சி 2013-இல் ஏறத்தாழ எல்லாத் தனியார் வாடகை வீடுகளையும் உரிமத்துக்குள் கொண்டுவந்தது. இங்கே ஏட்டில் ஏறுவது ஓனர் பெயர். அதே இங்கிலாந்து 2014-இல் குடியேற்றச் சட்டம் ஒன்று கொண்டுவந்து, வாடகைக்கு வருபவரின் குடியுரிமைத் தாளை ஓனரே சரிபார்க்க வேண்டும் என்றது. அது வெளிநாட்டவரை ஒதுக்குவதற்குக் காரணமாகிறது என்று 2019-இல் அங்குள்ள உயர் நீதிமன்றமே சொன்னது. மேல்முறையீட்டில் அந்தச் சட்டம் தப்பித்துக்கொண்டது வேறு கதை. ஒரே நாட்டில் இரண்டு ஏடு. ஒன்று வீட்டைக் கேள்வி கேட்கிறது, இன்னொன்று மனிதனைக் கேள்வி கேட்கிறது.

சிங்கப்பூருக்கு நம் தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பையன்கள் போகிறார்கள். அங்கே தொழிலாளர் தங்குமிடங்களுக்கு 2015-இல் உரிமச் சட்டம் வந்தது. முதலில் ஆயிரம் பேருக்கு மேல் தங்கும் இடங்களுக்கு மட்டும். உரிமம் இருந்தும் 2020 கொரோனா அந்தத் தங்குமிடங்களைத்தான் முதலில் தின்றது, ஏனென்றால் ஓர் அறையில் அவ்வளவு பேர். அதற்குப் பிறகுதான் புதிய தங்குமிடங்களில் ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது என்று விதி வந்தது. 2023-இல் உரிமச் சட்டமே 7 படுக்கை உள்ள இடம் வரைக்கும் இறங்கி வந்தது. எண்ணிக்கையும் அளவும் எழுதாத உரிமம் வெறும் தாள் என்பது அங்கே கிடைத்த பாடம்.

இனி நம் ஊருக்கு. உரிமம் வேண்டும் என்று நான் சொல்வதற்கு இரண்டு எதிர்ப்பு உடனே வரும். இரண்டும் நம் ஆட்களிடமிருந்தே வரும்.

முதல் எதிர்ப்பு சின்ன ஓனர்களிடமிருந்து. "ஆலையில முப்பது வருஷம் உழைச்சு ஒரு மாடி எழுப்பினேன். வர்ற வாடகைதான் என் பென்ஷன். அதுக்கும் லைசென்ஸ், லஞ்சமா?" இந்தக் குரலை அலட்சியம் செய்யக் கூடாது. நம் மக்களில் பலருக்குப் பட்டா இல்லை, கட்டட வரைபட ஒப்புதல் இல்லை. உரிமத்துக்கு அதையெல்லாம் கேட்டால் முதலில் அடிபடுவது நம் வீடுதான். அதனால் தன் வீட்டின் ஒரு போர்ஷனை ஒரு குடும்பத்துக்கு விடுபவருக்கு உரிமம் தேவையில்லை, எழுத்து ஒப்பந்தம் போதும். ஒருவருக்கொருவர் உறவில்லாத ஆறு பேருக்கு மேல் காசு வாங்கித் தங்கவைக்கும் வீட்டுக்குத்தான் உரிமம். அங்கேயும் பட்டா கேட்கக் கூடாது. தண்ணீர், கழிவறை, மின்கம்பி, தீ, இரண்டாவது வாசல் இந்த ஐந்தை மட்டும் பார்க்க வேண்டும். கட்டணம் பெயரளவுக்கு. பட்டியல் வெளிப்படையாக வார்டு அலுவலகச் சுவரில். லஞ்சம் இருட்டில்தான் வளரும்.

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் கனமானது. உரிமம் இல்லை என்று வீட்டைப் பூட்டி சீல் வைத்தால் உள்ளே இருப்பவர் எங்கே போவார்? ஆக்கிரமிப்பு அகற்றம், சுகாதாரம், பாதுகாப்பு என்று நல்ல நல்ல பெயர்களில்தான் நம் மக்கள் நகரத்தின் நடுவிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் தூக்கி எறியப்பட்டார்கள். ஆகவே ஒரு விதி உரிமத்தைவிட முன்னால் எழுதப்பட வேண்டும்: ஓனர் செய்த தவறுக்குக் குடியிருப்பவர் வெளியே போகக் கூடாது. வீடு சரிசெய்யப்படும் வரை ஓனருக்கு வாடகை கேட்கும் உரிமை நிற்கட்டும். உயிருக்கு ஆபத்து என்றால் மாற்று இடம் ஓனரும் காண்ட்ராக்டரும் சேர்ந்து கொடுக்கட்டும், தவறினால் மாநகராட்சி கொடுத்துவிட்டு அவர்களிடம் வசூலிக்கட்டும். இந்த விதி இல்லாத உரிமச் சட்டத்தை நானே முன்னால் நின்று எதிர்ப்பேன்.

இதோடு இன்னும் மூன்று கோரிக்கை.

உரிமம் வாங்கும் வீட்டில் சாதி, மதம், மாநிலம், உணவு பார்த்து ஆளை மறுக்கக் கூடாது என்பது உரிமத்தின் நிபந்தனையாக இருக்க வேண்டும். குற்ற வழக்கு நிரூபிக்க வருடக் கணக்காகும். நிபந்தனை மீறலுக்கு உரிமத்தை நிறுத்திவைக்க ஒரு விசாரணை போதும். ஒரே வருமானமும் வேறு வேறு பெயரும் உள்ள இரண்டு பேரை அனுப்பிச் சோதிக்கும் முறை அமெரிக்காவில் வீட்டு மறுப்பை நிரூபிக்க வெகு காலமாகப் பயன்படுகிறது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் வேலையிலும் வீட்டிலும் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. சாதி பிறந்த நாட்டில் ஒரு மாநகராட்சி அதைச் செய்யக் கூடாதா? சென்னையின் முதல் தலித் பெண் மேயர் 2022-இல் பொறுப்பேற்றபோது மகிழ்ந்தோம். அந்த மன்றத்திடம் இதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

அடுத்து, கரண்ட். வீட்டுக்கு ஒரே மீட்டர், உள்ளே சப் மீட்டர். யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று ஓனர் வைத்ததுதான் விலை. அரசு தரும் 100 யூனிட் இலவசம் யாருக்குப் போகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அரசுக் கட்டணத்துக்கு மேல் வாங்குவதும் உரிம மீறலாக வேண்டும்.

கடைசியாக, யார் வேலைக்கு ஆள் வந்தார்களோ அந்த முதன்மை நிறுவனத்தின் பெயரும் உரிமத்தில் இருக்க வேண்டும். காண்ட்ராக்டர் ஓடிப்போவார். ஆலை ஓடிப்போகாது.

தம்பிகளிடம் ஒரு வார்த்தை. 'வடக்கன்' என்ற சொல் இப்போது உங்கள் வாயில் சாதாரணமாக வருகிறது. பான்பராக் துப்புகிறான், கூட்டமாக இருக்கிறான், நாறுகிறான், நம் வேலையைப் பறிக்கிறான். இந்த வாக்கியங்களை எங்கேயோ கேட்டது போல இல்லையா? நம் சேரியைப் பார்த்து ஊர்த்தெரு சொன்னதுதான் இது. இருபது பேருக்கு ஒரு கக்கூஸ் கொடுத்துவிட்டு நாறுகிறான் என்று சொல்வது மலத்தை அள்ள வைத்துவிட்டு அசுத்தமானவன் என்று சொன்ன அதே தர்க்கம். அங்கிருந்து வருபவர்களில் எத்தனை பேர் முசாகர், சமார், சந்தால், ஏழை முஸ்லிம் என்று பேசிப் பார்த்தால் தெரியும். அவர்கள் ஊரில் நிலம் மறுக்கப்பட்ட அதே கதையைச் சுமந்துகொண்டுதான் ரயில் ஏறியிருக்கிறார்கள். குறைந்த கூலிக்கு அவர்கள் வருவது உண்மை. கூலியையும் கூரையையும் ஒரே கை பிடித்திருப்பதால்தான் அவர்களால் கூலி உயர்வு கேட்க முடியவில்லை. அந்தப் பிடியைத் தளர்த்தினால் உங்கள் கூலியும் உயரும்.

நம் ஊரில் அய்யா வைகுண்ட தர்மபதி இருக்கிறது. தேர் இழுக்கப் போகிறோம். அந்த அய்யா பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில், தோளில் துணி போடவும் தடை இருந்த திருவிதாங்கூரில் என்ன செய்தார்? பதினெட்டு சாதியும் ஒரே கிணற்றில் நீர் இறைக்க வைத்தார். குடும்பங்களைக் கூட்டித் துவையல் தவசு என்று ஒரே இடத்தில் ஒன்றாகத் தங்க வைத்தார், ஒன்றாக உண்ண வைத்தார். ஒரே கூரையின் கீழ் பல பேர் தங்குவது அவருக்கு சாதியை உடைக்கும் வழியாக இருந்தது. இன்று அதே கூட்டுத் தங்குமிடம் காண்ட்ராக்டர் கையில் தலைக்கு இவ்வளவு என்ற வியாபாரமாக இருக்கிறது. தேர் வடத்தைப் பிடிக்கும் கை இந்தக் கேள்வியையும் பிடிக்கட்டும்.

செய்ய வேண்டியது பெரிய வேலை ஒன்றும் இல்லை. 2022-இல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு வார்டிலும் வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. அடுத்த பகுதி சபைக்குப் போவோம். போவதற்கு முன் ஒரு மாதம் தெருத் தெருவாகக் கணக்கெடுப்போம். ஆட்களின் பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், ஆதார் வேண்டாம். எந்த வீடு, எத்தனை பேர், எத்தனை கழிவறை, எத்தனை வாசல், வாடகை யாருக்குப் போகிறது, அவ்வளவுதான். இந்தி தெரிந்தவர்கள் முன்னால் வாருங்கள். தெரியாதவர்கள் கையில் நோட்டோடு வாருங்கள். காவல் நிலையத்து ஏட்டில் ஏற்கனவே நம் எல்லோர் பெயரும் இருக்கிறது. மாநகராட்சி ஏட்டில் ஓனர் பெயரும் ஆலையின் பெயரும் ஏறட்டும்.

கணக்கெடுப்புக்கு இன்றைக்கே பெயர் கொடுப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் இந்த மேசைக்கு வாருங்கள்.